பெயர் எழுதிய கவர்

எங்கள் பக்கத்தில் அரசாங்க அலுவலகத்துக்கு வெறுங்கையோடு போகிறவனைப் பார்த்தால் இரண்டு விதமாகத்தான் நினைப்பார்கள். ஒன்று, மேலே யாரோ வேண்டியவர் இருக்கிறார். இல்லையென்றால் ஆளுக்கு விவரம் போதாது. சின்னப்பராஜுக்கு மேலே யாரும் கிடையாது, விவரம் போதாதவன் என்று பெயர் வாங்கவும் இஷ்டமில்லை. அதனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கையில் ஏதாவது வைத்துக்கொண்டுதான் போவான். அதற்காக அவனை அயோக்கியன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவனைப் பதினெட்டு வருடமாகத் தெரியும் எனக்கு. இரண்டாயிரத்துப் பதினைந்து பெருவெள்ளத்தில் என் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது, ஜெராக்ஸ் மெஷினின் ஒரு பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு அரை கிலோமீட்டர் நடந்தவன் அவன்.

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் போகிற சாலையில் இருக்கிறது என் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம். அதோடு ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவரும் விற்கிறேன். முகூர்த்த மாதங்களில் ஜெராக்ஸைவிட அதுதான் அதிகம் போகும். கம்பெனிகளில் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கடையில் நிற்க இடமிருக்காது. அம்சவல்லி என்ற என் பெயர் எவனுக்கும் தெரியாது, எல்லோருக்கும் நான் ஜெராக்ஸ் அக்கா.

சின்னப்பராஜுக்கு ஊர் வடக்குப்பட்டு. அப்பாவின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வந்த பங்கில் ஒரு வண்டி வாங்கினான். கம்பெனிகளுக்கு வந்த கொரியாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்து, பிறகு கம்பெனி டிரைவராகவே ஆகிவிட்டான். பின் சீட்டில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே கொரியன் கற்றுக்கொண்டான். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் தவறியவன், கொரியனில் சண்டை போடுவான், சமாதானம் பேசுவான், ஜோக்கடிப்பான். "எங்கடா கத்துக்கின?" என்று கேட்டால், "டிராபிக்லக்கா" என்பான்.

கவர் வைக்கிற பழக்கம் அவனுக்குப் பிறவியில் வந்ததில்லை. மகள் லிசா பிளஸ் டூ முடிக்கும் வரைக்கும் அவனும் ஒழுங்காக வரிசையில் நின்றவன்தான். லிசாவுக்கு நர்சிங் படிக்க ஆசை, மார்க்கும் இருந்தது. சாதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு பேப்பர் வேண்டும் என்றார்கள். இவனும் ஞானஸ்நானச் சான்று முதல் தாத்தாவின் பத்திரம் வரை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்தது நான்தான். கவுன்சலிங் முடிந்து பதினோராம் நாள் சான்றிதழ் வந்தது. அதே தெருவில் இன்னொரு பெண்ணுக்கு இரண்டு நாளில் வந்திருந்தது. எப்படி என்று இவன் மனைவி கிளாரா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னபோது, இவன் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான்.

"நாந்தாங்க்கா எம்பொண்ண கெடுத்தேன். ஒரு கவர் வெச்சிருந்தா இந்நேரம் அவ காலேஜ்ல இருப்பா."

லிசா இப்போது போனுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். நல்ல பெண். அப்பாவை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதுதான் அவனை அதிகம் அரித்தது. அதற்குப் பிறகு மின் இணைப்போ லைசென்ஸோ எதற்குப் போனாலும் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவான். கேட்கும் வரை காத்திருந்தால் காலம் போய்விடும் என்று அவனுக்கு ஒரு பயம்.

அப்படிப்பட்டவனுக்கு வந்து வாய்த்தார் யூன் சார்.

யூன் தேஹ்வான், கார் சீட் தைக்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற மேனேஜர். ஐம்பதை நெருங்கியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூசானில் அம்மா மட்டும். அப்பா போனபின் அந்த அம்மா மீன் மார்க்கெட்டில் வேலை செய்து இந்த ஒரே பிள்ளையைப் படிக்க வைத்தாராம். தினமும் மத்தியானம் சரியாக இரண்டு மணிக்குப் போனில் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் சின்னப்பராஜும் திரும்பி ஒரு கும்பிடு போடுவான். அந்த அம்மா அங்கிருந்து, "சாப்பிட்டியா?" என்று அவர்கள் பாஷையில் கேட்பாராம். நாலு வருடமாக இது நடந்தது.

ஒருநாள் வழியில் ஒரு டிராபிக் போலீஸ்காரர் வண்டியை மறித்தார். சின்னப்பராஜ் சீட் பெல்ட் போடவில்லை. சீட் கம்பெனி வண்டி, டிரைவருக்குப் பெல்ட் இல்லை. அவன் வழக்கம்போல் சட்டைப் பையில் கைவிட்டிருக்கிறான். யூன் சார் இறங்கிவந்து, முழு அபராதத்தையும் கட்டுகிறேன், ரசீது கொடுங்கள் என்று நின்றுவிட்டார். ரசீதுப் புத்தகம் வேறு எங்கேயோ இருந்தது. அது வந்து சேர நாற்பது நிமிஷம். உச்சி வெயிலில் டை கட்டிக்கொண்டு அந்த மனுஷன் நடுரோட்டில் நின்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் சின்னப்பராஜ் கடைக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"வண்டில ஏறினதும் நான் கேட்டேங்க்கா, இன்னா சார் இப்பிடி பண்றீங்கன்னு. அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'நான் உங்கூருக்குப் பொழைக்க வந்தவன். எங்கைல காசு கீது, குடுத்துட்டு பூடுவேன். நாளைக்கு அதே ஆளு உன்ன நிறுத்தினா, என்கிட்ட வாங்கின ரேட்டத்தான் உன்கிட்டயும் கேப்பான். நான் ஊருக்குப் போயிடுவேன். ரேட்டு இங்கியே நிக்கும்'னாரு."

"வந்துட்டாரு பெரிய யோக்கியரு" என்றேன் நான்.

"இல்லக்கா, அவங்க ஊர்ல சட்டமே அப்பிடித்தானாம். வெளிநாட்டுல போயி ஆபீசருக்குக் குடுத்தாக்கூட அங்க கேஸாம். இங்கியும் புடிப்பான், அங்கியும் புடிப்பான். கம்பெனில வருஷா வருஷம் கையெழுத்து வாங்கிக்கிறாங்களாம்."

எனக்கு அப்போது அது பணக்காரர்களின் வீம்பாகத்தான் பட்டது. அவருக்கு என்ன, நாற்பது நிமிஷம் நின்றால் சம்பளம் பிடிக்கப்போகிறார்களா? நமக்கு அப்படியா? இதைச் சின்னப்பராஜிடம் சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து யூன் சார் வண்டியில் இருக்கும்போது அவன் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. அவருக்காக எங்கே போனாலும் ரசீது வாங்கி வந்தான். லிசா விஷயத்தில் அவனுக்குள் ஏதோ ஒன்று இறுகிப்போயிருந்தது. அந்த மனுஷனோடு சேர்ந்து அது கொஞ்சம் இளகுகிற மாதிரி இருந்தது.

போன வருடம் தை மாதம் லிசாவுக்குக் கல்யாணம். இரண்டு நாள் முன்னால் யூன் சாரைக் கடைக்கு அழைத்து வந்தான். மொய்க் கவரை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் கொரியாவிலும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கவரில்தான் பணம் வைப்போம், ஆனால் இந்தக் காசு எதற்கு என்று கேட்டார். கணக்கு முழுசாக முடிந்துவிடக் கூடாது, உறவு மேலும் வளர வேண்டும் என்பதற்காக என்று சின்னப்பராஜ் கொரியனில் விளக்கினான். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பெயரைத் தமிழில் தன் கையால்தான் எழுதுவேன் என்றார். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்து அவர் ஒரு கவரில் எழுதினார். பிடிக்கவில்லை. இன்னொன்றில் எழுதினார். ஐந்தாவது கவரில்தான் அவர் மனசுக்குத் திருப்தி. நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். அந்த ஐந்தாவது கவரைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். மிச்ச நாலையும் தூக்கிப் போட மனசில்லாமல் சின்னப்பராஜ் வண்டியின் டேஷ்போர்டுக்குள் வைத்தான்.

கோயிலில் லிசாவின் கல்யாணத்தன்று யூன் சார் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எழுந்தால் எழுந்து, முழங்கால் போட்டால் அவரும் போட்டு, பாவம், வியர்த்து ஊற்றியது.

அதே வருடம் ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, காலையில் கடையைத் திறப்பதற்குள் இரண்டு பேரும் ஷட்டர் முன்னால் நின்றார்கள். யூன் சாரின் அம்மா மூளையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிக்கெட் எடுக்கப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது, இவர் இங்கே தங்குவதற்கான அனுமதி முடிந்து பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. புதுப்பிக்க வேண்டிய ஏஜென்ட் மறந்துவிட்டான், போனையும் அணைத்துவிட்டான். அபராதம் கட்டி, அனுமதியைச் சரிசெய்து, வெளியேறும் உத்தரவு வாங்கினால்தான் விமானம் ஏற முடியும்.

விண்ணப்பத்தை நான்தான் அடித்தேன். தந்தை பெயர், தாய் பெயர் என்று கேட்கிற இடத்தில் அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தாய் பெயரை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். அபராதத்தை ஆன்லைனில் கட்டினோம், ரசீது வந்தது. வியாழக்கிழமை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு நேரில் வரச் சொன்னார்கள். வியாழன் இரவு விமானத்துக்கு டிக்கெட் போட்டார்.

வியாழன் காலை எட்டு மணிக்கு யூன் சாரை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டியவன், அதற்கு முன்பே தனியாகக் கடைக்கு வந்து இன்னொரு செட் ஜெராக்ஸ் எடுத்தான்.

"இன்னிக்கு ஆவுமாக்கா? ஆவலன்னா அந்தம்மாவ அவரு பாக்கவே முடியாதுக்கா. அவங்க ஊர்ல பையன்தான் முன்ன நின்னு எல்லாம் பண்ணணுமாம்."

இனி நான் எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான்தான் சொன்னேன். "சும்மா கைய வீசிக்கினு போவாத. ஏதாவது வெச்சுக் குடு. லிசா விசயத்துல பட்டது மறந்து போச்சா?"

"சாருக்குத் தெரிஞ்சா என் மூஞ்சிலயே முழிக்க மாட்டாருக்கா."

"சாருக்கு ஏண்டா தெரியணும்? அவரு யோக்கியமா இருக்கட்டும். அவருக்காக நீ செய்."

நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தேன். அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தன. அவன் ஜெராக்ஸ் கட்டை எடுத்துக்கொண்டு போனான்.

மதியம் நடந்ததை அவன் சொல்லித்தான் தெரியும். அலுவலகத்தில் கோப்பைப் பார்த்தது ஒரு பெண் அதிகாரி. எல்லாம் சரியாக இருக்கிறது, வாடகை ஒப்பந்தத்தின் நகல் மட்டும் இல்லை, கொண்டுவாருங்கள் என்றார். நகல் வண்டியில் இருந்தது. யூன் சார் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, சின்னப்பராஜ் எடுக்க ஓடினான். இன்னும் ஒரு பேப்பர் என்ற பேச்சைக் கேட்டதும் அவனுக்கு லிசாவின் சான்றிதழ் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மணி இரண்டரை. வண்டிக்குள் உட்கார்ந்து டேஷ்போர்டைத் திறந்தான். வாடகை ஒப்பந்தம் இருந்தது. அதற்குக் கீழே நாலு மொய்க் கவர். தன் பணம் ஐயாயிரத்தை எடுத்து ஒன்றில் வைத்தான்.

கவரில் யூன் தேஹ்வான் என்று அவர் கையெழுத்திலேயே பெயர் இருந்தது. அதை அவன் பார்த்தான். பார்த்து, நல்லதாப் போச்சு என்று நினைத்தானாம். எங்கள் பக்கத்தில் பெயர் எழுதாத கவரை யாரும் வைப்பதில்லை. பெயர் இல்லாவிட்டால் வைத்தது யார் என்று தெரியாமல், வைத்ததே வீணாகிவிடும். கல்யாணத்தில் கற்றுக்கொண்டதை அவன் அலுவலகத்திலும் செய்தான். இப்படி ஒரு தப்பை வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான். ஒப்பந்தத்துக்கு உள்ளே கவரை வைத்து, தானே கொண்டுபோய் மேஜையில் கொடுத்துவிட்டு, வண்டியை வெயிலில் இருந்து தள்ளி நிறுத்தப் போய்விட்டான்.

அந்த அதிகாரி தாளைப் பிரித்தபோது கவர் மேஜையில் விழுந்தது. நாணயம் மேஜைக் கண்ணாடியில் பட்டுச் சத்தம் கேட்டதும் நாலு பேர் திரும்பினார்கள். இரண்டு வாரம் முன்னால்தான் அந்த அலுவலகத்தில் லஞ்ச ஒழிப்புச் சோதனை நடந்திருந்தது. தலைக்கு மேலே கேமரா வேறு. அவர் பார்க்காத மாதிரி இருக்க வழியே இல்லை.

பெஞ்சில் இருந்து யூன் சாரைக் கூப்பிட்டார்கள். இது யார் கையெழுத்து என்று கேட்டார்கள். அவர் கவரைப் பார்த்தார். என்னுடையதுதான் என்றார். வேறு என்ன சொல்லுவார், பொய் சொல்லிப் பழகாத மனுஷன். உள்ளே பணம் இருப்பதைக் காட்டியபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. தலை குனிந்து நின்றாராம். சின்னப்பராஜ் ஓடிவந்து, "நாந்தாம்மா வெச்சேன், சாருக்கு ஒண்ணுமே தெரியாது" என்று கத்தினான். சம்பளம் கொடுக்கிறவருக்காக டிரைவர் பழியை ஏற்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஊர் உலகத்தில் நடக்கிறதும் அதுதானே.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு விசாரணை அதிகாரிகள் இரண்டு பேர் என் கடைக்கு வந்தார்கள். கவரை எங்கே வாங்கினான் என்று சின்னப்பராஜ் சொல்லியிருந்தான். மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"இன்னிக்குக் காலைல டிரைவர் உங்க கடைக்கு வந்தாரா? எதுனா சொன்னாரா? அந்த கொரியாக்காரருக்கு இது தெரியுமா தெரியாதான்னு எதுனா பேச்சு வந்துதா? யோசிச்சு சொல்லுங்கம்மா, அவரு ஊருக்குப் போறதே இதுலதான் இருக்குது."

எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. சாருக்குத் தெரிந்தால் முகத்தில் முழிக்க மாட்டார் என்று அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால், சாருக்கு ஏன் தெரியணும் என்று நான் சொன்னதையும் சொல்ல வேண்டும். கடைச் சுவரில் ஆன்லைன் விண்ணப்பத்துக்கான அரசாங்க அனுமதி பிரேம் போட்டு மாட்டியிருந்தது. அதைப் பார்த்தேன்.

"நூறு பேர் வந்து போற கடை சார். நான் ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பேன், அவ்ளோதான். எனக்கு ஒண்ணும் தெரியாது."

எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன்.

யூன் சாரின் அம்மா சனிக்கிழமை விடியற்காலையில் இறந்தார். வெள்ளிக்கிழமை முழுக்க உயிரோடு இருந்தார். வியாழன் இரவு விமானம் ஏறியிருந்தால் வெள்ளிக்கிழமை மத்தியானம் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இந்தக் கணக்கை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் விடை மாறுவதில்லை.

அவர்கள் ஊர் வழக்கப்படி மூன்றாம் நாள் அடக்கம். யூன் சார் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டியாக இருக்கிற ராமன் என் கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வரும்போது சொன்னார்.

"திங்கக்கெழம காலைல கறுப்பு கோட்டு மாட்டிக்கினு, கம்ப்யூட்டர்ல அடக்கத்தப் பாத்துக்கினு இருந்தாரும்மா. கேஸ் சிலிண்டர் குடுக்கப் போனவன் பாத்தான். தரையில விழுந்து ரெண்டு வாட்டி கும்புட்டாராம். ஒரு ஜனம் இல்ல கூட. அந்த டிரைவர் சின்னப்பராஜ் கீழ கேட்டாண்டயே நின்னுக்கினு கெடந்தான். உள்ள வுடக் கூடாதுன்னு எனக்கு ஆர்டர். நான் இன்னா பண்றது?"

சின்னப்பராஜை வெள்ளிக்கிழமையே வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அவன் மீது வழக்கு. ஒன்பதாம் நாள், வாகனம் நிறுத்துமிடத்துக் கேமராவில் அவன் தனியாக உட்கார்ந்து கவரில் பணம் வைப்பது தெரிந்தது. யூன் சாருக்குச் சம்பந்தமில்லை என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாருக்கு வேண்டும் அது அப்போது? விசாரணையின்போது அந்தப் பெண் அதிகாரி ஒன்று சொன்னாராம். விண்ணப்பத்தோடு இருந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பார்த்ததுமே உத்தரவைத் தயார் செய்துவிட்டார். வாடகை ஒப்பந்தத்தைச் சேர்த்து, நாலு மணிக்குக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பார். அவருக்கும் ஊரில் வயதான அம்மா இருக்கிறாராம்.

கம்பெனி மட்டும் யூன் சாரை மன்னிக்கவில்லை. உங்களுடைய டிரைவர், உங்களுடைய கையெழுத்து, உங்களுடைய வேலைக்காக என்று அவர்கள் ஊர் ஆபீஸில் தனியாக விசாரணை வைத்தார்கள். வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். பத்தாம் நாள் இரண்டு பெட்டியோடு அவர் இறங்கி வந்தபோது, வேறு ஒரு டிரைவர் கதவைத் திறந்து பிடித்திருந்தான். சின்னப்பராஜ் கேட்டுக்கு வெளியே கை கட்டி நின்றான். வண்டி வெளியே வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

நாலு வருடத்தில் அவரிடம் சேர்ந்திருந்த தமிழ் இருபது வார்த்தை இருக்கும். கொரியனில் பேசியிருக்கலாம், இவனுக்குப் புரியும். ஆனால் தமிழில்தான் கேட்டார்.

"சின்னா. ஏன் என்னைக் கேக்கல?"

இவன் நின்றான். கண்ணாடி ஏறியது.

அவ்வளவுதான் அவர் சொன்னது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றான் என்னிடம். "கேட்டிருந்தா வேணாம்னு சொல்லிருப்பாருக்கா. அதனாலதான் கேக்கல. ஆனா அது அவரு அம்மா. போறதா வேணாமா, எப்பிடிப் போறதுன்னு அவருதான சொல்லணும்? நான் யாரு அவருக்காக முடிவு பண்றதுக்கு?"

இப்போது அவன் ஒரகடத்துக்கும் வடக்குப்பட்டுக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். வழக்குக்கு வாய்தா வரும் நாட்களில் ஆட்டோ ஓடாது. கொரியாக்காரர்கள் யாராவது கை காட்டினால், அவர்கள் பாஷையில் பேசாமல் விரலைக் காட்டி ரேட் சொல்கிறான். யூன் சார் போனதைச் சொல்லிவிட்டுப் போனவன், என் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டான் என்று நினைத்தேன். அவனைப் பார்க்காமல் இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மா இறந்த முப்பதாம் நாளுக்கு முந்தின நாள் வந்தான். ஸ்டூலில் உட்காரவில்லை.

"யக்கா, அந்தம்மாவுக்கு நாளைக்கு முப்பதாம் நாள் பூசை வெக்கணும். கோயில் சாமியாரு பேர் கேக்கறாரு. தெனம் ரெண்டு மணிக்கு அந்தம்மா மூஞ்சப் பாத்தேன், பேரு தெரியாதுக்கா எனக்கு. நீங்க அப்ளிகேஷன் அடிச்சீங்களே, அதுல இருக்குமில்ல?"

கம்ப்யூட்டரில் தேடினேன். யூன் தேஹ்வான் விண்ணப்பம் அப்படியே இருந்தது. தாய் பெயர்: சிம் ஓக்சுன். வாய்விட்டுப் படித்தேன். அவன் இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"இன்னாக்கா, யூன்னு வரலியே?"

"அவங்க ஊர்ல கல்யாணம் ஆனாலும் பொம்பளைங்க பேரு மாறாதாம். அன்னிக்கு சாரு சொன்னாரு."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தேன். "சின்னப்பா, அன்னிக்கு சாயங்காலம் என்கிட்ட விசாரிக்க வந்தாங்க. நான்..."

"தெரியும்க்கா" என்றான். "நீங்க கையெழுத்துப் போட்டத எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க."

"எப்போ?"

"வெள்ளிக்கெழம காலைலயே."

வெள்ளிக்கிழமை காலையில் அந்த அம்மா உயிரோடு இருந்தார். "அப்ப நீயே சொல்றதுதானடா, அக்காதான் வெக்கச் சொன்னாங்க, அவங்களயே கேளுங்கன்னு? ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீங்க இல்லன்னுதான சொல்லிருப்பீங்க. ரெண்டு பொய் ஆயிருக்கும்." பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டான். "வுடுக்கா. உங்களுக்குக் கடை கீது. இன்னா பண்ணுவீங்க."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கும் திருப்பிச் சொல்ல ஒரு வழி கிடைத்திருக்கும். அவன் அப்படிச் சொல்லவில்லை. லிசா அவனை ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது அவனை எப்படி அரித்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஷட்டரை இழுத்துவிட்டு அவனோடு ஆட்டோவில் ஏறினேன். கோயில் அலுவலகத்தில் கணக்குப்பிள்ளை எபினேசர் சார் உட்கார்ந்திருந்தார். காணிக்கையை நான்தான் கொடுப்பேன் என்றேன், சின்னப்பராஜ் மறுக்கவில்லை. என் பையில் கவர் இருந்தது, என் கடைக் கவர்தான். வெளியே எடுத்தேன். அவன் என் கையைப் பார்த்தான். கவரை உள்ளே வைத்துவிட்டு, நோட்டை அப்படியே மேஜைமேல் வைத்தேன்.

"ரசீது போடுங்க சார்" என்றான் சின்னப்பராஜ்.

"பூசைக் காணிக்கைக்கு எதுக்குப்பா ரசீது? நோட்டுல எழுதிக்கிறேன்."

"இல்ல சார். ரசீது வேணும். போடுங்க."

எபினேசர் சார் பெருமூச்சு விட்டுக்கொண்டு ரசீதுப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். இறந்தவர் பெயர் கேட்டார். சிம் ஓக்சுன் என்று சின்னப்பராஜ் தடுமாறாமல் சொன்னான். கொடுப்பவர் பெயர் கேட்டார்.

"யூன் தேஹ்வான்னு எழுதுங்க. அப்பறம், அம்சவல்லி."

என் பெயரை அவன் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உம்பேரு?"

"எம்பேரு வாணாம் சார்" என்றான். "நான் குடுத்த வரைக்கும் போதும்."

எபினேசர் சார் ரசீதைக் கிழித்து நீட்டினார். சின்னப்பராஜ் வாங்கவில்லை, என் பக்கம் கை காட்டினான். நான் வாங்கிக்கொண்டேன்.